ஒரே மேசையில் உட்கார 37 ஆண்டுகள்: பேராயர் அசரியா யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ தமிழ் ஆராதனைக்குப் போகும் மூன்று நண்பர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஆங்கிலிக்கன், ஒருவர் மெதடிஸ்ட், இன்னொருவர் லுத்தரன். வாசிக்கும் தமிழ் வேதாகமம் ஒன்று. பாடும் கீர்த்தனைகளில் பல ஒன்று. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் சுடும் அச்சுமுறுக்குகூட ஒன்றுதான். அப்புறம் ஏன் மூன்று சபை?

கொள்கை, கோட்பாடு என்று பெரிய விளக்கம் தேட வேண்டாம். கொள்ளுத்தாத்தா எந்த ஊர் என்று கேட்டாலே பாதி பதில் வந்துவிடும்.

19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவுக்கு வந்த மிஷனெரி சங்கங்கள் வேலை செய்யும் இடங்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. ஒருவர் பகுதியில் இன்னொருவர் நுழைவதில்லை என்பது ஏற்பாடு. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர் காங்கிரிகேஷனல் ஆனார். திருநெல்வேலியில் இங்கிலாந்துத் திருச்சபையின் சங்கங்கள். அங்கே பெற்றவர் ஆங்கிலிக்கன். மதுரை என்றால் அமெரிக்க மிஷன். தரங்கம்பாடி பக்கம் என்றால் லுத்தரன். ஐரோப்பாவில் எப்போதோ யாரோ போட்ட சண்டை, பனங்காட்டில் பதநீர் இறக்கும் ஒருவரின் முகவரியாக மாறிவிட்டது. அவர்களில் பலரின் பிள்ளைகள் பிழைப்புக்காக மலாயாவுக்குக் கப்பல் ஏறியபோது அந்தப் பெயரையும் கையோடு கொண்டு வந்தார்கள்.

இதை நாங்கள் உண்டாக்கவில்லை, நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று உரக்கக் கேட்டவர்களில் முன்னால் நின்றவர் ஒரு திருநெல்வேலித் தமிழர். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். பாடநூல்களில் அவ்வளவாக வராத பெயர். ஆனா 20ஆம் நூற்றாண்டு கிறிஸ்தவ வரலாற்றை எழுதும் யாரும் இவரைத் தாண்டிப் போக முடியாது.

செம்மண் ஊர்ப் பையன்

1874 ஆகஸ்ட் 17ஆம் தேதி, திருச்செந்தூருக்கு அருகே வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் பிறந்தார். செம்மண் தேரியும் பனைமரமும் நிறைந்த பகுதி. அப்பா தாமஸ் வேதநாயகம் கிராமச் சபையின் குருவானவர். இந்துவாகப் பிறந்து இளவயதில் கிறிஸ்தவத்துக்கு வந்தவர். குடும்பம் நாடார் சமூகத்தைச் சேர்ந்தது. அந்த நாளில் அந்தச் சமூகம் மேல்சாதியினரிடம் பட்ட அவமானங்கள் ஊரறிந்தவை. நெடுங்காலம் ஆண் குழந்தைக்காக வேண்டிக்கொண்டிருந்த அம்மா எலன், வேதாகமத்தில் அதேபோல் வேண்டிப் பெற்ற பிள்ளையின் பெயரையே வைத்தார்: சாமுவேல்.

அசரியாவுக்கு 15 வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். விடுதிப் பள்ளி, பிறகு திருநெல்வேலியில் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம். கடைசித் தேர்வு நேரத்தில் உடம்பு முடியாமல் போனது. பட்டம் கிடைக்கவில்லை. (பின்னாளில், 1920ல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பிஏ முடிக்காத ஒருவருக்கு!)

அவர் வளர்ந்த ஊரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. மெய்ஞ்ஞானபுரம் ஒரு மிஷனெரி சங்கத்தின் பொறுப்பில், கொஞ்ச தூரத்தில் இருக்கும் நாசரேத் இன்னொரு சங்கத்தின் பொறுப்பில். இரண்டுமே இங்கிலாந்துத் திருச்சபைதான். அப்படியும் தனித்தனி பள்ளி, தனித்தனி நிர்வாகம், நடுவில் ஒரு போட்டி. ஒரே சபைக்குள்ளேயே இப்படி என்றால் மற்றச் சபைகளைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

1895ல் ஒய்எம்சிஏ இயக்கத்தில் செயலாளர் வேலை. வயது 21. அடுத்த 14 ஆண்டுகள் ரயிலில் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். இந்த வேலைதான் அவரை மாற்றியது என்று நினைக்கிறேன். ஒய்எம்சிஏ கூட்டத்துக்கு வரும் மாணவர் எந்தச் சபை என்று யாரும் பார்ப்பதில்லை. சேர்ந்து ஜெபம், சேர்ந்து சாப்பாடு, சேர்ந்து விளையாட்டு. ஞாயிறு வந்தால் மட்டும் ஆளுக்கொரு திசை. அங்கேதான் ஷெர்வுட் எடி என்ற அமெரிக்க இளைஞர் அவருக்கு நெருங்கிய நண்பரானார். அவர் ஆங்கிலிக்கன் இல்லை, வெள்ளைக்காரர் வேறு. அந்தக் காலத்தில் இரண்டு பேரும் சமமாகப் பழகியதே பலருக்கு ஆச்சரியம்.

1898ல் அன்பு மாரியம்மாளைத் திருமணம் செய்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரி வரை போன முதல் சிலரில் ஒருவர் அவர்.

1902ல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து, தாங்களே ஆள் தேர்ந்து, கடல் தாண்டித் தமிழகத்துக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. திருநெல்வேலியில் இத்தனை ஆயிரம் பேர் இருந்தும் எல்லாவற்றுக்கும் வெள்ளைக்கார மிஷனெரியின் கையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோமே என்று. திரும்பி வந்து, 1903ல் பாளையங்கோட்டையில் நண்பர்களோடு சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது. 1905 கிறிஸ்துமஸ் அன்று வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் பிறந்தது. இதில் எல்லாச் சபைகளைச் சேர்ந்த இந்தியர்களும் இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் இல்லாத இடத்தில் இந்தியக் கிறிஸ்தவர்கள் சுலபமாக ஒன்றாக உட்கார முடிகிறது என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

எடின்பரோவில் ஒரு மாலை

1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஆசியர்கள் எத்தனை பேர் தெரியுமா? இருபதுகூட இல்லை. உலகம் முழுவதையும் பற்றிப் பேச வந்த கூட்டம்!

அசரியாவுக்குக் கொடுத்த தலைப்பு, மிஷனெரிகளுக்கும் உள்ளூர் ஊழியர்களுக்கும் இடையிலான ஒத்துழைப்பு. பொதுவாக அந்த மாதிரி மேடையில் நன்றி சொல்லிவிட்டு இறங்குவதுதான் வழக்கம். அசரியா நன்றியும் சொன்னார். மிஷனெரிகள் செய்த தியாகங்களை இந்தியா மறக்காது என்றார். ஆனா அதோடு நிறுத்தவில்லை. எத்தனையோ ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்தும் இந்திய ஊழியரைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடாத மிஷனெரிகள் இருக்கிறார்கள் என்றார். ஒரு பக்கம் முதலாளி, இன்னொரு பக்கம் சம்பளக்காரர் என்று உறவு நிற்கிறது என்றார். பணமும் வேலையும் உயிரும் கொடுத்தீர்கள், நட்பையும் கொடுங்கள் என்று முடித்தார்.

மண்டபத்தில் சிலர் நெளிந்தார்கள். சிலர் கோபப்பட்டார்கள். சிலர் கை தட்டினார்கள். அவரைத் தைரியமாகப் பேசச் சொன்னவரே ஒரு வெள்ளைக்காரர்தான்: சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட். தத்துவம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட்டின் அண்ணன்.

அந்தப் பேச்சில் சபை ஒற்றுமை என்ற சொல்லைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒற்றுமை என்றால் அசரியாவுக்குத் தீர்மானமோ அறிக்கையோ முதலில் ஞாபகம் வரவில்லை. யார் யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் வந்தது. நாடார் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியாமல் இருக்குமா?

டோர்னக்கல்

இதற்கு ஓர் ஆண்டு முன்பே, 1909ல், அவர் ஒய்எம்சிஏ வேலையை விட்டுவிட்டுக் குருப்பட்டம் பெற்று, இந்திய மிஷனெரி சங்கத்தின் ஊழியராக டோர்னக்கல் போயிருந்தார். இன்றைய தெலங்கானா. அன்றைக்கு ஹைதராபாத் நிஜாமின் ஆட்சி. தமிழ்ப் பெயரெடுத்த ஒரு மனிதர், 35 வயதில் தெலுங்கை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அவருக்குப் பேராயர் பட்டம் சூட்டப்பட்டது. 38 வயது. எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. இந்தியர் ஒருவரின் கீழ் ஆங்கிலேய மிஷனெரிகள் எப்படி வேலை செய்வது என்று ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம் இந்தியக் கிறிஸ்தவர்கள்தான். அவர்களின் எதிர்ப்புக்கு அசரியாவின் சாதியும் ஒரு காரணம். அதனால் முதலில் அவர் கையில் கொடுத்தது சின்னப் பகுதி. சில ஆண்டுகளில் பக்கத்துத் தெலுங்குப் பகுதிகளும் அதோடு சேர்க்கப்பட, ஆங்கிலேய மிஷனெரிகளும் அவர் பொறுப்பின் கீழ் வந்தார்கள்.

மாட்டு வண்டியில், சைக்கிளில், கால்நடையாக ஊர் ஊராகப் போனார். சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற இரண்டு ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். 1930களில் அந்தப் பேராயத்தில் ஆங்கிலிக்கர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள். ஞானஸ்நானம் பெறுகிறவர் ஒவ்வொருவரும் தன் தலைமேல் கை வைத்து, நற்செய்தியை அறிவிப்பது தன் கடமை என்று பவுலின் வசனத்தைச் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லை.

இங்கே ஒற்றுமைக்கு வேறு முகம். மாலாக்களும் மாதிகாக்களும் இருவருமே ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள். ஆனாலும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட மாட்டார்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க மாட்டார்கள். மிஷனெரி, இந்தியர் என்ற பிரிவை எடின்பரோவில் கேள்வி கேட்டவர், இங்கே தன் சொந்த மக்களிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது. சாதிக்கொரு சபை கூடாது என்பதில் உறுதியாக நின்றார். திருவிருந்தில் ஒரே கிண்ணம். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. அவர் காலத்திலும் அதற்குப் பிறகும் அந்தச் சமூகங்களுக்கு இடையிலான போட்டி சபைக்குள்ளே ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவரும் மென்மையான ஆள் இல்லை. குடி, வரதட்சணை, குழந்தைத் திருமணம் எல்லாவற்றிலும் கண்டிப்பு.

டோர்னக்கலில் அவர் கட்டிய பேராலயத்தைப் படத்திலாவது பாருங்கள். மசூதியின் கும்பம், மினாரா போன்ற கோபுரம், கோயில் மண்டபத்தின் தூண்கள், தாமரையும் சிலுவையும் சேர்ந்த சிற்பங்கள். பஞ்சமும் பணத் தட்டுப்பாடும் வந்து வந்து போனதில் கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டு ஆகி, 1939 ஜனவரி 6ஆம் தேதி திறக்கப்பட்டது. லண்டன் தேவாலயத்தின் நகல் இந்திய வயல்வெளியில் எதற்கு என்பது அவர் எண்ணம்.

தரங்கம்பாடியில் இரண்டு நாள்

1919 மே 1, 2. இந்தியாவில் புராட்டஸ்டன்ட் மிஷனெரி வேலை தொடங்கிய கடற்கரை ஊர் தரங்கம்பாடி. 1706ல் சீகன்பால்கு வந்து இறங்கிய இடம். அங்கே 33 பேர் கூடினார்கள். பெரும்பாலும் ஆங்கிலிக்கர்களும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும்.

ஐக்கிய சபை என்பது என்ன? காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் 1908ல் ஒன்றாகி உருவானது. அதன் சார்பில் வந்தவர்களில் முக்கியமானவர் வி. சந்தியாகு. 33 பேரில் இருவர்தான் வெளிநாட்டினர். அதில் ஒருவர் பழைய நண்பர் ஷெர்வுட் எடி. தலைமை அசரியா.

முதலில் அவர்கள் கூடியது நற்செய்திப் பணியைப் பற்றிப் பேசத்தான். பேசப் பேச ஒரே இடத்தில் முட்டிக்கொண்டார்கள். பிரிந்து கிடந்துகொண்டு எதை அறிவிப்பது? முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. கிறிஸ்தவ நாடுகள் என்று சொல்லிக்கொண்டவை நான்கு ஆண்டுகள் ஒன்றையொன்று கொன்று தீர்த்திருந்தன. தரங்கம்பாடியிலேயே ஜெர்மன் மிஷனெரிகள் எதிரி நாட்டவர் என்று அனுப்பப்பட்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அங்குள்ள லுத்தரன் சபை தமிழர்களின் பெயரில் தனித் திருச்சபையாக நின்றது.

33 பேரும் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். இந்தப் பிரிவினைகள் வெளியிலிருந்து வந்தவை, நாங்கள் உண்டாக்கியவை இல்லை, நிலைத்திருக்கவும் விரும்பவில்லை என்பது அதன் சாரம். ஒன்றாவதற்கு நான்கு அடிப்படைகளைச் சொன்னார்கள்: வேதாகமம், பழைய விசுவாச அறிக்கைகள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், பேராயர் பதவி. ஆங்கிலிக்கர்களின் பேராயர், பிரஸ்பிட்டேரியன்களின் மூப்பர் மன்றம், காங்கிரிகேஷனல் சபைகளின் உள்ளூர் உரிமை, மூன்றுக்கும் புதிய திருச்சபையில் இடம் வேண்டும் என்றார்கள்.

இரண்டு நாளில் எழுதியது. நிறைவேற 28 ஆண்டுகள் ஆனது.

அப்படி என்னதான் தகராறு?

ஒரே ஒரு கேள்வியில்தான் பெரும்பாலும் சிக்கியது: உங்கள் குருவானவருக்குப் பட்டம் கொடுத்தது யார்?

ஆங்கிலிக்கன் முறையில் பேராயர் கை வைத்தால்தான் ஒருவர் குருவாக முடியும். அந்தப் பேராயருக்கு முந்தைய பேராயர்கள் கை வைத்திருக்க வேண்டும். இந்தச் சங்கிலி அப்போஸ்தலர்கள் காலம் வரை போகிறது என்பது நம்பிக்கை. மற்றச் சபைகளில் பேராயரே கிடையாது. மூப்பர்களோ சபையோ பட்டம் கொடுக்கும். அப்படியானால் 30 வருஷம் ஊழியம் செய்த ஒரு காங்கிரிகேஷனல் போதகர் கொடுத்த திருவிருந்து செல்லுமா? ஒன்றான பிறகு அவருக்கு மறுபடி பட்டம் கொடுக்க வேண்டுமா? ஒரு நாட்டில் படித்த டாக்டரை இன்னொரு நாடு நீ டாக்டரே இல்லை என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த வலி.

சாதாரண மக்களுக்கும் இது வெறும் வாதம் இல்லை. நாகர்கோவில் பக்கத்து லண்டன் மிஷன் குடும்பம் ஒன்று வேலைக்காகத் திருநெல்வேலி போனால், அங்குள்ள ஆங்கிலிக்கன் ஆலயத்தில் திருவிருந்து பெற அவர்கள் முதலில் பேராயரிடம் திடப்படுத்தல் பெற வேண்டும். பிறந்ததிலிருந்து கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள், மேசைக்கு வெளியே நிற்க வேண்டும்.

அசரியா எந்தப் பக்கம்? இரண்டு பக்கமும் அவரிடம் கோபப்பட்டது என்பதே பதில். பேராயர் பதவியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அது இல்லாத திருச்சபையை அவரால் நினைக்க முடியவில்லை. இது ஐக்கிய சபையாரில் பலருக்குப் பிடிக்கவில்லை. அதே நேரம், மற்றச் சபைப் போதகர்களுக்கு மறுபடி பட்டம் என்ற பேச்சு தரங்கம்பாடி உடன்பாட்டில் இல்லை என்பதிலும் அவர் உறுதி. இது இங்கிலாந்தில் இருந்த ஆங்கிலிக்கர்களுக்குப் பிடிக்கவில்லை.

1920ல் பேச்சுவார்த்தைக் குழு கூட ஆரம்பித்தது. 1925ல் மெதடிஸ்ட் சபையும் சேர்ந்துகொண்டது. 1929ல் முதல் திட்டம் அச்சில் வந்தது. பிறகு திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம். 1927ல் சுவிட்சர்லாந்தின் லோசான் மாநாட்டில் அசரியா மேற்கத்திய தலைவர்களிடம் நேராகவே பேசினார்: உங்கள் நாட்டில் பிரிவினை ஒரு பலவீனம், எங்கள் நாட்டில் அது பாவம் என்று. இங்கிலாந்தில் எதிர்த்தவர்களில் கவிஞர் டி. எஸ். எலியட்டும் ஒருவர். ஆமாம், நீங்கள் இலக்கிய வகுப்பில் படிக்கும் அதே எலியட்தான். தென்னிந்தியத் திட்டத்தைக் கண்டித்து 1943ல் தனிப் பிரசுரமே எழுதினார்.

கடைசியில் கண்டுபிடித்த வழி இது. ஒன்றாகும் நாளில் எல்லாச் சபைப் போதகர்களும் அப்படியே ஏற்றுக்கொள்ளப்படுவார்கள், யாருக்கும் மறுபட்டம் இல்லை. அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோருக்கும் பேராயர் பட்டம் கொடுப்பார். முதல் 30 ஆண்டுகள் இடைக்காலம். அதுவரை, மனசாட்சிக்கு ஒப்பாத ஒரு போதகரை எந்தச் சபை மீதும் திணிப்பதில்லை என்று வாக்குறுதி. தர்க்கப்படி பார்த்தால் ஓட்டைகள் உள்ள ஏற்பாடுதான். ஒரு தலைமுறை போனால் எல்லாம் கலந்துவிடும் என்று நம்பிப் போட்ட கணக்கு.

அம்பேத்கர் கேட்ட கேள்வி

1935ல் டாக்டர் அம்பேத்கர், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். எந்த மதத்துக்குப் போவார் என்று நாடே பார்த்தது. எல்லா மதத் தலைவர்களும் அவரைச் சந்தித்தார்கள். அசரியாவும் பேசினார்.

அந்தச் சந்திப்பைப் பற்றி அசரியாவைத் தெரிந்தவர்கள் எழுதி வைத்திருப்பது இது. தன் மக்கள் இந்தியா முழுக்க ஒரே சமூகமாக நிற்கிறார்கள், கிறிஸ்தவர்களானால் அவர்கள் எந்தச் சபையில் சேர்வது, சபைக்குச் சபை சிதறிப் போக மாட்டார்களா என்று அம்பேத்கர் கேட்டார். அசரியாவிடம் பதில் இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை என்று பின்னர் சொன்னாராம். தரங்கம்பாடியில் கையெழுத்துப் போட்டு அப்போது பதினாறு, பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. குழு இன்னும் திருத்தம் செய்துகொண்டிருந்தது.

அம்பேத்கர் 1956ல் பௌத்தரானார். அதற்கு வேறு காரணங்கள் பல உண்டு. அந்த ஒரு பதில் கிடைத்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்வது அதிகப்படி.

இதே காலத்தில் காந்தியோடும் அசரியாவுக்கு மோதல். ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டமாக மதம் மாறுவது உண்மையான ஆன்மிக முடிவு இல்லை என்பது காந்தியின் கருத்து. தங்கள் ஆன்மாவைப் பற்றி முடிவெடுக்க அந்த மக்களுக்குத் தெரியாதா என்பது அசரியாவின் எதிர்வாதம். அதற்காக அவர் தேசியத்துக்கு எதிரானவர் இல்லை. கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அவர் எதிர்த்தார். சபைக்குள் சுவர் வேண்டாம் என்றவர், சபைக்கும் நாட்டுக்கும் நடுவில் மட்டும் சுவர் கேட்பாரா?

அவர் பார்க்காத நாள்

1945 ஜனவரி 1ஆம் தேதி டோர்னக்கலில் அசரியா இறந்தார். வயது 70. பேராலய வளாகத்திலேயே அடக்கம்.

அதே ஜனவரியில் இந்தியா, பர்மா, இலங்கை ஆங்கிலிக்கன் திருச்சபையின் பொதுப் பேரவை கூடியது. ஒன்றாகும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சில நாள்கள்தான் வித்தியாசம். மெதடிஸ்ட்கள் ஏற்கெனவே சம்மதம் சொல்லியிருந்தார்கள். ஐக்கிய சபை 1946ல் சொன்னது.

1947 செப்டம்பர் 27. இந்தியா சுதந்திரம் பெற்று ஆறு வாரம். சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததாகத் திருவாங்கூர்ப் பேராயர் சி. கே. ஜேக்கப் அறிவித்தார். சுமார் 10 லட்சம் பேர் ஒரே சபையானார்கள். பேராயர் உள்ள ஒரு சபையும் பேராயர் இல்லாத சபைகளும் ஒன்றானது, 16ஆம் நூற்றாண்டின் சீர்திருத்த இயக்கத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவை. அன்று புதிதாகப் பட்டம் பெற்ற பேராயர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன். அவரே மதுரைப் பேராயர்!

எல்லோரும் வந்துவிட்டார்களா? இல்லை. இங்கிலாந்தில் ஒரு மிஷனெரி சங்கம் தன் உதவியை நிறுத்திக்கொண்டது. உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் 1948ல் கூடியபோது புதிய சபையை முழு உறவில் ஏற்கவில்லை. லுத்தரன்கள் வெளியே நின்றார்கள். ஆக, அறிக்கை எழுதப்பட்ட தரங்கம்பாடியின் பழைய தேவாலயமே இன்றைக்கும் வேறு திருச்சபையைச் சேர்ந்தது. அசரியாவுக்கு ரொம்பவும் வலித்திருக்கக்கூடியது நந்தியால்தான். அவர் ஆண்டுக்கணக்காகச் சுற்றி வந்த, அவருடைய சொந்தப் பேராயத்தின் ஒரு பகுதி. அங்கிருந்த ஆங்கிலிக்கர்கள் பல ஆயிரம் பேர் புதிய சபையில் சேர மறுத்து, பல ஆண்டுகள் தனியாகவே இருந்தார்கள்.

ஒன்றான சபைக்குள்ளும் எல்லாம் சுமுகம் என்று சொல்வதற்கில்லை. பேராயர் தேர்தல், சொத்து, நிர்வாகம் என்று தென்னிந்தியத் திருச்சபையின் வழக்குகள் இந்திய நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. சாதிக் கணக்கும் அதில் பேசப்படுகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அப்படியோர் இணைப்பு நடக்கவில்லை. இங்கே தமிழ் ஆங்கிலிக்கன், தமிழ் மெதடிஸ்ட், தமிழ் லுத்தரன் இன்னும் தனித்தனிதான். ஆனா தமிழ்நாட்டில் நாகர்கோவில் பாட்டியும் நாசரேத்துத் தாத்தாவும் இன்றைக்கு ஒரே திருச்சபை. நாகர்கோவில்காரர் நாசரேத்துக்குக் குடிபோனால், அடுத்த ஞாயிறு நேராகத் திருவிருந்து மேசைக்குப் போகலாம். நீங்கள் எந்த மிஷன் என்று யாரும் கேட்பதில்லை.